வளிக் கலப்பும் கணித மாதிரியுருக்களும்

கணிதத்தால் இயற்கையை அளக்கப் புகுவோர் முதற்கண் ஒரு கருதுகோளைக் கொள்வர். அது எளிதாயிருத்தல் நன்று. ஆயின், எளிமை உண்மைக்குச் சான்றாகாது. நிலத்தினின்று வெளிப்படும் சிற்றளவு வாயுக்கள் கீழ்வளிமண்டலத்தில் எவ்வாறு மேலெழுந்து கலக்கின்றன என்பதைக் கணிக்கும் மாதிரியுருக்கள் இதனை நன்கு விளக்கும்.

1912 ஆம் ஆண்டில் தைத்தானிக் கப்பல் பனிமலையில் மோதி அமிழ்ந்தது. பனிமலைகளைக் கண்காணித்தற்பொருட்டு 1913 இல் அனுப்பப்பட்ட 'ஸ்கோசியா' என்னும் கப்பலில் ஜி. ஐ. டெயிலர் என்னும் ஆங்கில அறிஞர் சென்றார். அவர் பட்டங்களைப் பறக்கவிட்டு உயரந்தோறும் வெப்பநிலையை அளந்தார். திண்பொருளில் வெப்பம் கடத்தப்படுதல் போலவே வளியிற் சுழிகளால் வெப்பம் கடத்தப்படும் என்பது 1915 இல் அவர் வெளியிட்ட கொள்கை. இதனை வாயுக்களுக்கும் ஏற்றியவிடத்து, வாயு செறிவு மிக்க இடத்தினின்று குறைந்த இடத்துக்கே செல்லும் என்றாயிற்று. செல்லும் அளவு, உயரத்தோடு செறிவு மாறும் விகிதமாகிய படித்திறனைப் பொறுத்தது. இவ்விரண்டையும் இணைக்கும் எண் சுழிப்பரவற் குணகம் எனப்படும்.

இக்கொள்கை பயனற்றதன்று. நிலத்தை அடுத்தும், காற்று ஓரளவு வீசும் இரவிலும், சுழிகள் சிறியனவாதலின் இது பெரிதும் பொருந்தும். நண்பகலின் நிலை வேறு. வெயிலாற் சூடேறிய நிலத்தினின்று எழும் வளித்தம்பங்கள் ஓரிரு கிலோமீற்றர் உயரம் வரை ஒரே வீச்சிற் செல்கின்றன. படித்திறன் எதிராக இருந்த இடத்தும் வெப்பம் மேனோக்கியே செல்லுதலை டியர்டோர்ப் 1966 இல் எடுத்துக்காட்டினார். அத்தகைய இடத்தில் குணகம் எதிர் எண்ணாகிப் பொருளிழக்கும்.

குணகத்தைத் திருத்தினால் அமையாதோ எனச் சிலர் வினவலாம். வின்கார்ட், புரோஸ்ட் ஆகிய இருவரும் 1984 இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகின்றது. கீழிருந்து மேற்செல்லும் வாயுவுக்கும் மேலிருந்து கீழிறங்கும் வாயுவுக்கும், ஒரே வளியில், குணகம் வெவ்வேறாகின்றது. வாயு புகும் திசைக்கேற்ப மாறும் ஒன்றை வளியின் இயல்பு எனக் கூறுதல் எங்ஙனம் பொருந்தும்?

இது நுண்கணிதர்க்கு மட்டும் உரிய பூசலன்று. பகலில் தாவரங்கள் ஒளித்தொகுப்பால் காபனீரொட்சைட்டை உள்வாங்கும்போது கலப்புப்படை உயர்ந்திருக்கும். இரவில் சுவாசத்தால் அதனை வெளிவிடும்போது அப்படை தாழ்ந்திருக்கும். எனவே வரவும் செலவும் சமமாயினும் நிலத்தருகே சராசரிச் செறிவு மிகும். பருவகாலங்களிலும் இத்தகைய விளைவு உண்டென்பதை டெனிங்கும் பிறரும் 1995 இல் காட்டினர். கலப்பைத் தவறாகக் கணிப்பவர், நிலத்தருகே அளந்த செறிவைக் கொண்டு காபன் கணக்கையும் தவறாகவே எழுதுவர்.

2007 இல் ஸ்டீவன்சும் பிறரும் செய்த ஆய்வு இதனைத் தெளிவாக்கிற்று. அவர்கள் விமானங்களிலிருந்து பெற்ற உயரவாரியான அளவீடுகளைப் பன்னிரண்டு மாதிரியுருக்களோடு ஒப்பிட்டனர். முந்திய சராசரிக் கணிப்பின்படி வடபாதி நிலங்கள் ஆண்டுதோறும் 240 கோடி தொன் காபனை உள்வாங்கின. அயனமண்டல நிலங்கள் 180 கோடி தொன்னை வெளிவிட்டன. அளவீடுகளோடு மிக நெருங்கிய மூன்று மாதிரியுருக்களோ முறையே 150 கோடியும் 10 கோடியும் எனக் காட்டின. இவ்வெண்களின் வழுவெல்லை பெரிதே. எனினும், அயனமண்டலக் காடுகளின்மேற் சுமத்தப்பட்ட பழியிற் பெரும்பங்கு கலப்பைக் கணித்த முறையால் விளைந்திருக்கலாம் என்பது புலனாகின்றது.

ஆகவே, நிலத்தருகே அளந்த செறிவோடு பொருந்துதல் மாதிரியுரு ஒன்றின் மெய்ம்மைக்குப் போதிய சான்றன்று. பிழையான கலப்பும் பிழையான வரவுசெலவும் ஒன்றையொன்று மறைத்துச் சரியான விடையைத் தரக்கூடும். நிலத்தினின்று எழுவதும், வேதித்தாக்கம் அற்றதும், 3.8 நாள் அரைவாழ்வு உடையதுமாகிய இரேடன் வாயுவின் உயரவாரியான அளவு இங்கு நடுநிலைச் சான்றாகும். டெயிலர் பட்டம் ஏற்றி உயரந்தோறும் அளந்த பின்னரே கொள்கை வகுத்தார். அவர் வகுத்த சூத்திரத்தைப் போற்றுவோர் அவர் அளந்த முறையையும் போற்றுதல் கடனாகும்.