குறியும் விசையும்: பிஸ்டல் பயிற்சியின் மரபுகள்

பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் அட்டையில் பத்தாம் வளையத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர், ஒரு சட்டைப் பொத்தான் அளவு. ஒற்றைக் கையை நீட்டி, எந்தத் தாங்கலும் இல்லாமல், 75 நிமிடத்துக்குள் 60 முறை சுட வேண்டும். இந்த மலரைப் புரட்டப்போகும் மரக்காணத்துப் பிள்ளைகளுக்கு முதலில் ஒன்று சொல்ல விரும்புகிறேன். நீட்டிய கை ஆடத்தான் செய்யும். உலக வீரர்களுக்கும் ஆடும். அந்த ஆட்டத்துக்கு அட்டையே இடம் கொடுத்திருக்கிறது. 4.5 மி.மீ. பெல்லட்டின் விளிம்பு கோட்டைத் தொட்டாலே அந்த வளையத்தின் புள்ளி கிடைக்கும் என்பதால், நடுவிலிருந்து 8 மி.மீ. விலகினாலும் பத்துதான். ஆனால் குறிபார்க்க உதவும் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே சுமார் 33 செ.மீ. இருக்கும் பிஸ்டலில், முன் சைட் ஒரே ஒரு மில்லிமீட்டர் பிசகினால் பத்து மீட்டரில் அது 30 மி.மீ. பிசகு. பெல்லட் ஏழில் போய் விழும். பத்தை நழுவ விடுகிறவர்களில் பெரும்பாலோர் கை நடுங்கி நழுவ விடுவதில்லை. விசையை வெடுக்கென்று இழுத்து, அந்த நொடியில் சைட்டைக் கலைத்துவிடுகிறார்கள்.

சோவியத் மரபு இந்தக் கணக்கை அடிவரை ஆராய்ந்தது. துப்பாக்கி சுடுதல் பற்றி யூரியெவ் எழுதிய நூல் நிற்கும் நிலை, மூச்சு, விசை என ஒவ்வொன்றையும் தனித்தனியே எடுத்து விளக்குகிறது. ரஷ்யப் பயிற்சியாளர் பாவெல் ஸ்மிர்னோவ் இந்திய பிஸ்டல் அணியோடு பல ஆண்டுகள் இருந்தார். அந்த மரபின் உயிர் ட்ரை ஃபயர்தான். பெல்லட் இல்லை, அட்டையும் இல்லை. வெறும் வெள்ளைச் சுவரைப் பார்த்து நின்று விசையை அழுத்த வேண்டும். 'டிக்' என்ற ஒலி எழும்போது முன் சைட் அசைந்ததா என்பது மட்டுமே கேள்வி. துப்பாக்கி காலியா என்று இருமுறை பார்த்த பிறகு, யாரும் நடமாடாத பக்கம் திரும்பி நின்றுதான் இதைச் செய்ய வேண்டும்.

அடுத்த படி, அட்டையைத் திருப்பி மாட்டிக்கொண்டு அதன் வெள்ளை முதுகில் சுடுவது. குறியும் எண்ணும் கண்ணில் படாததால் மனம் விசையிலேயே நிற்கும். பத்து பெல்லட்டும் ஓரமாக, ஆனால் நெருக்கமாக விழுந்திருந்தால் கவலை வேண்டாம். சைட் திருகை நாலு கிளிக் திருப்பினால் பெல்லட் துளைகளின் குழு நடுவுக்கு வந்துவிடும். சிதறி விழுந்திருந்தால் எந்தத் திருகும் உதவாது. மூன்றாவதாக, மானிட்டரைப் பார்க்கும் முன்பே குண்டு எங்கே போயிருக்கும் என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகுவது. சரியாகச் சொல்லத் தெரிந்தவருக்குத் தன் தவறு தெரிகிறது என்று பொருள்.

ராணுவ மரபு வேறு. மௌ நகரின் ஆர்மி மார்க்ஸ்மன்ஷிப் யூனிட்டில் வளர்ந்த விஜய்குமார், 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 25 மீட்டர் ரேப்பிட் ஃபயரில் வெள்ளி வென்றார். ஐந்து இலக்குகள், ஐந்து குண்டுகள். முதலில் 8 நொடி, பிறகு 6, கடைசியில் 4. அங்கே கையின் தாளம்தான் அளவுகோல். ஹங்கேரியின் கரோலி தகாச் 1938இல் கையெறி குண்டு வெடித்து வலக்கை சிதைந்த பின், இடக்கையைப் பழக்கி 1948, 1952 இரு ஒலிம்பிக்கிலும் இதே பிரிவில் தங்கம் வென்றார். பயிற்சியால் எதுவரை போகலாம் என்பதற்கு எனக்கு அவரைவிடப் பெரிய சாட்சி இல்லை.

பயிற்சியாளர் ஜஸ்பால் ராணாவின் பள்ளி புள்ளியைக் கேட்கும் பள்ளி. குறித்த புள்ளி வராவிட்டால், குறைந்த அளவுக்கு ஏற்பப் பணத்தை இல்லாதவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்ற அவரது வழக்கத்தை அவரிடம் பயின்ற மனு பாக்கர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பாரிஸ் 2024 ஒலிம்பிக்கில் மனு ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்றில் 580 எடுத்து, இறுதியில் வெண்கலம் வென்றார். அதே ஒலிம்பிக்கில் சரப்ஜோத் சிங் 577 எடுத்தும், அதே புள்ளி எடுத்த ஜெர்மானியரைவிட உள்வட்டப் பத்து ஒன்று குறைந்ததால் ஒன்பதாம் இடத்தில் நின்றார். அந்த உள்வட்டம் 5 மி.மீ.தான். மூன்றே நாளில் மனுவோடு சேர்ந்து கலப்பு அணியில் வெண்கலம் வாங்கினார் என்பது அவர் மனத்திடத்தைக் காட்டுகிறது. ஆனால் இந்தக் கண்டிப்பு தேறியவர்களுக்கு உரியது. முதல் ஆண்டுப் பிள்ளையிடம் புள்ளி கேட்டால் அது விசையை இழுக்கத்தான் கற்கும்.

நம் கரைக்கென்று இரண்டு கவனங்கள் உண்டு. உப்புக்காற்று எஃகை விடாது. பயிற்சி முடிந்ததும் எண்ணெய்த் துணியால் துடைத்தே பிஸ்டலைப் பெட்டியில் வைக்க வேண்டும், கைவியர்வையும் உப்புதான். உப்பளத்து வெயில் வெளிச்சத்திலிருந்து நேராக ரேஞ்சுக்குள் நுழைந்து சுட நிற்கவும் கூடாது. கண் அடங்கும்வரை உட்கார்ந்திருந்தால் முன் சைட்டின் விளிம்பு தெளியும்.

தெற்கே கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ஏர் ரைஃபிளில் உலகக் கோப்பைத் தங்கம் வென்றவர், பழகியது குஜராத்தில். நடிகர் அஜித்குமார் 2021இலும் 2022இலும் மாநிலப் போட்டிகளில் பதக்கம் வாங்கியபோது பல வீடுகளில் பிஸ்டல் ஒரு விளையாட்டாகப் பேசப்பட்டது. ஆர்வத்தோடு வரும் பிள்ளைகளைப் பயிற்சியாளர்கள் முதல் நாளே அட்டைக்கு முன் நிறுத்திவிடுவதுதான் எனக்கு வருத்தம். முதல் மூன்று மாதம் அவர்களின் நோட்டில் புள்ளிக்கென்று பத்தியே வேண்டாம். தேதி, எத்தனை ட்ரை ஃபயர், வெள்ளை அட்டையில் விழுந்த குழுவின் அகலம் எத்தனை மில்லிமீட்டர் என்ற மூன்றை மட்டும் எழுதச் சொல்லுங்கள்.