எச்சரிக்கை மணி முதலா, சாளரம் முதலா?

வாடகைக்கு விடும் வீடுகளில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியைப் பொருத்துவதைக் கட்டாயமாக்க வேண்டும் என்ற யோசனை நம் நாட்டிலும் அவ்வப்போது எழுகிறது. எங்கேனும் ஒரு விடுதி அறையில் சிலர் உறக்கத்திலேயே மாண்டனர் என்று செய்தி வரும். உடனே இந்த யோசனையும் வரும். செய்தி பழையதானதும் யோசனையும் மறந்துபோகும். இதற்கு முன்மாதிரியாகக் காட்டப்படுவது இங்கிலாந்து. அங்கே 2015-இல் வந்த விதி, விறகோ நிலக்கரியோ எரிக்கும் அடுப்புள்ள அறைகளில் வீட்டுக்காரர் இக்கருவியைப் பொருத்த வேண்டும் என்றது. 2022 அக்டோபர் 1 முதல், எரிபொருள் எரியும் நிலையான சாதனம் உள்ள எல்லா வாடகை அறைகளுக்கும் அது விரிவாக்கப்பட்டது. சமையல் வாயு அடுப்புக்கு மட்டும் விலக்கு உண்டு.

யோசனை நல்லதே. ஆனால் நல்ல யோசனையையும் உரசிப் பார்க்க வேண்டும். உரைகல்லாக, திருவள்ளூர் மாவட்டத்தில் ஆந்திர எல்லையை ஒட்டிப் பழவேற்காடு ஏரிப் பகுதியில் உள்ள சுண்ணாம்புக்குளத்தையும் அதன் அண்டை ஊர்களையும் எடுத்துக்கொள்வோம். குளிருக்குக் கணப்பு மூட்ட வேண்டாத இந்த வெப்பக் கரையில் அக்கருவிக்கு என்ன வேலை? அது எதைக் காக்கும், எதைக் காக்காது?

நச்சின் இயல்பு

கார்பன் உள்ள எந்தப் பொருளும் போதிய காற்றின்றி எரிந்தால் கரியமில வாயுவோடு கார்பன் மோனாக்சைடும் உண்டாகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. சமையல் வாயு கசிந்தால் மூக்கு சொல்லிவிடும். மணத்துக்கென்றே அதில் ஒரு பொருளைக் கலக்கிறார்கள். இந்த நச்சுக்கு அப்படி ஒரு தூதுவன் இல்லை. மூச்சில் புகுந்ததும் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினைப் பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் பிடித்துக்கொள்கிறது. முதலில் தலைவலி, பிறகு மயக்கம். உறங்குபவருக்கு அந்த முன்னறிவிப்பும் இல்லை.

பெயரிலேயே சுண்ணாம்பைத் தாங்கிய ஊருக்கு இந்த வாயு முற்றிலும் அந்நியம் அன்று. ஏரியில் கிளிஞ்சல் வாரிச் சுட்டுச் சுண்ணாம்பு எடுப்பது இந்தக் கரையின் பழைய தொழில். சூளையில் கிளிஞ்சலிலிருந்தும் கரியிலிருந்தும் கிளம்பும் கரியமில வாயு, தணலாய் இருக்கும் கரியைக் கடந்து செல்லும்போது அதில் ஒரு பகுதி கார்பன் மோனாக்சைடாக மாறும். 19-ஆம் நூற்றாண்டில் பிரிட்டனில் குளிருக்கு அஞ்சிச் சுண்ணாம்புச் சூளையின் ஓரம் படுத்த நாடோடிகள் காலையில் பிணமாகக் கிடந்ததற்குக் காரணம் இத்தகைய சூளை வாயுக்களே.

அண்மைக் காலத்துச் சாவுகளையும் பாருங்கள். 2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமன் என்னும் மலையூரில், விடுதி அறை ஒன்றில் கேரளத்தைச் சேர்ந்த எட்டுப் பேர் மாண்டனர். அவர்களில் நால்வர் குழந்தைகள். அறையில் எரிவாயுக் கணப்பு இருந்தது. கதவும் சாளரங்களும் தாழிடப்பட்டிருந்தன. 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில் ஒரு விடுதியில் இரண்டு இளைஞர்கள் இறந்தார்கள்; இறைச்சி வாட்டிய கரியடுப்பின் புகையே காரணம் என்று செய்தி வந்தது. இவ்விரண்டு இடங்களிலும் ஒழுங்காக வேலை செய்யும் கருவி ஒன்று இருந்திருந்தால் அது அலறியிருக்கும். இதை முதலில் ஒப்புக்கொண்டு மேலே செல்வோம்.

மணி எப்போது ஒலிக்கும்?

வீட்டுக் கருவிகளில் பெரும்பாலானவற்றுள் இருப்பது ஒரு சிறு மின்வேதிக் கலம். கார்பன் மோனாக்சைடு அதன் மின்முனையில் ஆக்சிஜனேற்றம் அடைகிறது. அப்போது வெளிப்படும் எலக்ட்ரான்கள் மின்னோட்டமாகின்றன. வாயு எவ்வளவோ அவ்வளவு மின்னோட்டம். எளிய, அழகிய தத்துவம்.

ஆனால் வாயுவை உணர்ந்தவுடன் மணி அடிப்பதில்லை. ஐரோப்பியத் தரமான ஈ.என். 50291-இன்படி, காற்றில் பத்து லட்சத்தில் 300 பங்கு இருந்தால் மூன்று நிமிடத்துக்குள் ஒலிக்க வேண்டும். 100 பங்குக்கு 10 முதல் 40 நிமிடம். 50 பங்குக்கு 60 முதல் 90 நிமிடம். 30 பங்கு இருந்தால் இரண்டு மணி நேரம் ஆகும் வரை ஒலிக்கக் கூடாது. தேவையில்லாமல் அலறிக்கொண்டிருந்தால் மக்கள் கழற்றி எறிந்துவிடுவார்கள் என்பதே இந்தத் தாமதத்துக்குக் காரணம். காரணம் நியாயமானதே.

இதன் பக்கத்தில் மற்றோர் எண்ணை வைத்துப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வகுத்த வழிகாட்டியின்படி ஒரு நாள் சராசரி, கன மீட்டருக்கு 4 மில்லிகிராமைத் தாண்டலாகாது. அதாவது பத்து லட்சத்தில் ஏறத்தாழ மூன்றரைப் பங்கு. பத்து லட்சத்தில் 25 பங்கு நச்சை நாளெல்லாம் சுவாசிக்கும் வீட்டில் வழிகாட்டியைப்போல் ஏழு மடங்கு நச்சு இருக்கிறது. சுவரிலுள்ள கருவியோ வாய் திறவாது. அதன் வேலை திடீர்ச் சாவைத் தடுப்பது. மெல்லக் கொல்லும் நச்சைப் பற்றி அதற்கு அக்கறை இல்லை.

விறகும் கரியும் எரியும் சமையலறையில் இந்த இடைவெளி சிறிய விஷயம் அன்று. சவுக்கு மிலாறும் வேலிக்காத்தான் விறகும் எளிதில் கிடைக்கும் கடலோரக் கிராமங்களில், வாயு உருளை இருக்கும் வீட்டிலும் சோறு வடிக்கவும் வெந்நீர் வைக்கவும் விறகடுப்பு எரிவதுண்டு. அடுப்படியில் நிற்பவள் கர்ப்பிணியானால் கேடு இரட்டிப்பு. கருவிலுள்ள குழந்தையின் ஹீமோகுளோபின் இந்த வாயுவை இன்னும் இறுகப் பற்றும். விடுவிக்கவும் அதிக நேரம் எடுக்கும். மணி ஒலிக்கவில்லை என்பதால் அவள் நலமாக இருக்கிறாள் என்று பொருளாகாது.

ஒரு கணக்கு

பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரமுள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். அதன் கொள்ளளவு சுமார் 28 கன மீட்டர். கால் கிலோ அடுப்புக்கரி அதில் எரிகிறது. ஏறத்தாழ 50 கிராம் கார்பன் மோனாக்சைடு வெளிப்படும் எனக் கொள்வோம். அறை முழுதும் மூடியிருந்தால் கன மீட்டருக்கு 1.8 கிராம், அதாவது பத்து லட்சத்தில் 1,500 பங்குக்கு மேல். ஓரிரு மணி நேரத்தில் உயிரைப் பறிக்கும் அளவு இது.

அதே கரி ஒரு மணி நேரத்தில் எரிகிறது. ஆனால் எதிரெதிரே திறப்புகள் இருப்பதால் அந்த ஒரு மணி நேரத்தில் அறையின் காற்று பத்து முறை மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். நச்சின் அளவு 150 பங்குக்கு மேல் ஏறாது. அதுவும் நல்லதன்று, என்றாலும் பத்தில் ஒன்றாகிவிட்டது. அடுப்புக்கு மேலே ஒரு புகைபோக்கி இருந்தால் இன்னும் குறையும். சுவரில் கருவியை மாட்டினால் எவ்வளவு குறையும்? ஒரு பங்குகூடக் குறையாது. திறப்பு காற்றை மாற்றுகிறது. கருவி காற்றைப் பற்றிச் செய்தி சொல்கிறது. இரண்டும் வெவ்வேறு வேலைகள்.

இனி யார் வீட்டில் திறப்பு இல்லை என்று பார்ப்போம். சுண்ணாம்புக்குளம் இருக்கும் கும்மிடிப்பூண்டி வட்டத்தில் சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது. அதை நம்பி வந்த தொழிலாளர்கள் தங்கும் ஒற்றை அறை வாடகை வீடுகளை அப்பக்கம் எங்கும் காணலாம். சமைப்பதும் படுப்பதும் ஒரே அறையில். கொசுவுக்கும் திருட்டுக்கும் அஞ்சி இரவில் எல்லாம் அடைத்தாகிவிடும். மீனவர் வீட்டில் அடுப்பு கொல்லைப்புறத்திலோ தாழ்வாரத்திலோ இருக்க இடமுண்டு. இந்த வாடகை அறையில் அதற்கும் இடமில்லை. சுவரில் ஒரு துளை போட வேண்டுமானாலும் வீட்டுக்காரரின் அனுமதி வேண்டும்.

கருவி உள்ளூருக்கு ஏற்றதா?

நம் ஊரில் கருவிக்குச் சில தொல்லைகள் காத்திருக்கின்றன. முதலாவது, பெயர்க் குழப்பம். சமையல் வாயுக் கசிவை அறியும் கருவி வேறு, கார்பன் மோனாக்சைடை அறியும் கருவி வேறு. சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. ஆகவே அதன் கருவியைத் தரையருகே மாட்ட வேண்டும். கார்பன் மோனாக்சைடின் எடையோ காற்றின் எடையை ஒட்டியது. எங்கும் பரவிக் கலக்கும். ஒன்றை வாங்கி மற்றதற்குக் காவல் வைத்தால் காவலே இல்லை.

இரண்டாவது, மின்வேதிக் கலத்துக்கு ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடு போலவே தோன்றும். மின்வெட்டுக்காக நாம் வைத்திருக்கும் இன்வெர்ட்டரின் ஈய-அமில மின்கலம் அளவு மீறி மின்னேற்றம் பெறும்போது ஹைட்ரஜனை விடும். அதன் அருகே மாட்டிய கருவி பொய்யாக அலறக்கூடும். இரண்டு முறை பொய்யாக அலறிய மணியை மூன்றாம் முறை யார் நம்புவார்?

மூன்றாவது, வெப்பமும் ஆயுளும். வீட்டுக் கருவிகள் பல 40 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பத்துக்கே உத்தரவாதம் பெற்றவை. கத்திரி வெயிலில் தகரக் கூரையின் கீழ் அந்த எல்லை எளிதில் கடந்துபோகும். கலத்தின் ஆயுளும் ஐந்து முதல் பத்து ஆண்டுதான். ஆயுள் முடிந்த பின்னும் கருவி சுவரில் தொங்கிக்கொண்டிருக்கும்; குடியிருப்பவர் காவல் இருக்கிறது என்று எண்ணி உறங்குவார்.

கொரோனாவுக்குப் பின் பல வீடுகளில் இருக்கும் விரல் ஆக்சிமீட்டரும் இங்கே கைகொடுக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு அலைநீள ஒளியைக் கொண்டு அளக்கும் அக்கருவி, கார்பன் மோனாக்சைடு பற்றிய ஹீமோகுளோபினையும் பிராணவாயு ஏற்ற ஹீமோகுளோபின் என்றே கருதும். நஞ்சேறியவருக்கும் 98 என்று காட்டக்கூடும். தலை சுற்றினால் எண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் வெட்டவெளிக்கு வர வேண்டும். மருத்துவமனையில் பிராணவாயு கொடுப்பதே சிகிச்சை.

சட்டத்தில் விடுபட்டது

இங்கிலாந்தின் விதியைக் காட்டுபவர்கள் அதன் பாதியையே காட்டுகிறார்கள் என்பதுதான் என் முக்கியமான குறை. அங்கே எச்சரிக்கை மணிக்குப் பல ஆண்டுகள் முன்பே, 1998-ஆம் ஆண்டின் எரிவாயுப் பாதுகாப்பு விதிகள் இருக்கின்றன. வாடகை வீட்டிலுள்ள எரிவாயுச் சாதனங்களையும் புகைபோக்கியையும் ஆண்டுக்கொரு முறை பதிவுபெற்ற வல்லுநரைக் கொண்டு சோதித்து, அதன் சான்றைக் குடியிருப்பவருக்கு வீட்டுக்காரர் கொடுக்க வேண்டும். அந்த அடித்தளத்தின் மேல்தான் மணி ஏறி நிற்கிறது. அடித்தளத்தை விட்டுவிட்டு மணியை மட்டும் இறக்குமதி செய்தால் என்ன ஆகும்? வீட்டுக்காரர் மலிவான கருவி ஒன்றை வாங்கி மாட்டிவிட்டுத் தம் கடமை தீர்ந்தது என்பார். சாளரம் அடைத்தது அடைத்தபடியே இருக்கும்.

நம் சட்டம் என்ன சொல்கிறது? வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் தமிழ்நாட்டுச் சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு, 2019-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் இரண்டாம் அட்டவணை பராமரிப்பு வேலைகளைப் பங்கிடுகிறது. வெள்ளையடிப்பது, குழாய் மாற்றுவது, மின்கம்பி போடுவது ஆகியவை உரிமையாளருக்கு. வாடகைதாரருக்கு உரியவற்றில் வெந்நீர்க் கொதிகலன் பழுதுபார்ப்பதும் ஒன்று. புகைபோக்கி என்றோ காற்றுத் திறப்பு என்றோ தனியே ஒரு வரி அதில் இல்லை.

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். நிமிடத்துக்கு ஆறு லிட்டர் வெந்நீர் தரும் எரிவாயுக் கொதிகலன், நீரை 25 பாகை சூடேற்ற, சுமார் 10 கிலோவாட் வெப்பத்தைத் தருகிறது. வீட்டடுப்பின் நாலைந்து பர்னர்களைச் சேர்ந்தாற்போல் எரிப்பதற்கு அது சமம். ஐந்தடிக்கு ஆறடிக் குளியலறையில் கதவை மூடி இருபது நிமிடம் அது எரிந்தால், அறைக் காற்றில் பாதி அளவு அதற்கே தேவைப்படும். காற்று குறையக் குறைய நச்சு பெருகும். அறையைக் கட்டியவர் ஒருவர். பழுதுக்குப் பொறுப்பு மற்றொருவர். திறப்புக்குப் பொறுப்பு எவரும் இல்லை!

எனவே, சட்டம் கேட்க வேண்டிய கேள்விகளின் வரிசை இப்படி இருக்க வேண்டும். முதலில், அடுப்போ கொதிகலனோ எரியும் ஒவ்வொரு வாடகை அறையிலும் அடைக்க முடியாத திறப்பு உண்டா? அதை அமைப்பது உரிமையாளரின் கடமை என இரண்டாம் அட்டவணையில் ஒரு வரி சேர்த்தால் போதும். அடுத்து, கொதிகலனைக் குளியலறைக்கு வெளியே வைக்கலாமா, அதன் புகை வெளியே போகிறதா? மூன்றாவதாகத்தான் எச்சரிக்கைக் கருவி.

மூன்றாவது என்பதால் வேண்டாம் என்று பொருளன்று. மலைவாழிட விடுதிகளிலும், எரிவாயுக் கொதிகலன் உள்ள வாடகை வீடுகளிலும் அது கட்டாயமாக வேண்டும். இந்தக் கரையிலும் அதற்கு ஒரு வேளை வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னை, திருவள்ளூர் மாவட்டங்களில் பல இடங்கள் மின்சாரமின்றி நாட்கணக்கில் இருந்தன. அத்தகைய நாட்களில் ஜெனரேட்டரை மழைக்கு ஒதுக்கி வீட்டுக்குள்ளோ தாழ்வாரத்திலோ வைத்து ஓட்டுவது தற்கொலைக்குச் சமம். அந்த இரவில் சுவரிலுள்ள கருவி உயிர் காக்கும்.

அதுவரை காசில்லாத கருவிகள் சில நம்மிடம் உண்டு. அடுப்பின் சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிகிறதா? வாயு அடுப்பில் வைத்த பாத்திரத்தின் அடியில் கரி படிகிறதா? வீட்டிலுள்ள எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி வந்து, வெளியே போனதும் தீர்கிறதா? மூன்றில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் முதலில் சாளரத்தைத் திறவுங்கள். சாளரமே இல்லாத அறை என்றால், அடுத்த மாத வாடகையைக் கொடுக்கும்போது உரிமையாளரிடம் கேட்க வேண்டிய முதற்பொருள் அதுதான். மணியை அதன் பிறகு கேட்கலாம்.