ஆய்வுச் சுவரொட்டியும் நூற்பா நெறியும்

மாநாட்டில் ஆய்வாளர் தம் முடிபை அவையோர்க்கு உணர்த்தும் வழி இரண்டு. மேடையேறிக் கட்டுரை படித்தல் ஒன்று. ஆய்வின் சாரத்தை ஒரு பெருந்தாளில் அமைத்துப் பலகையில் ஒட்டி, அதன் அருகே நின்று வருவார்க்கு விளக்குதல் மற்றொன்று. பின்னையதே ஆய்வுச் சுவரொட்டி எனப்படும். ஐரோப்பிய உயிர்வேதியியல் கழகங்களின் கூட்டமைப்பு 1969-ஆம் ஆண்டில் மாட்ரிட் நகரில் கூட்டிய மாநாட்டில் இம்முறை இடம்பெற்றது. 1974-இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் உயிர்வேதியியலார் கூடிய அவையிலும் கையாளப்பட்டது. பின்னர்ப் பிற துறைகளுக்கும் பரவியது. மொழியியல், தொல்லியல், கணினித்தமிழ் ஆகியவை பற்றிய மாநாடுகளில் தமிழ் மாணவரும் இதனைக் கைக்கொள்ள நேர்கின்றது. ஆதலின் இவ்வடிவின் இயல்பு யாது, குறை யாது, இலக்கிய இலக்கண ஆய்வுக்கு இது எவ்வளவு பொருந்தும் என்பவற்றை ஈண்டு ஒருசிறிது ஆராய்வோம்.

பெருவழக்காக உள்ள சுவரொட்டிகளை நோக்குவார்க்கு ஓர் உண்மை உடனே புலப்படும். அவை சுவரொட்டிகள் அல்ல. சுருக்கி ஒட்டப்பட்ட கட்டுரைகள். முன்னுரை, நோக்கம், முறை, முடிவு, துணைநூல் எனக் கட்டுரைக்குரிய உறுப்புக்கள் அனைத்தும் கட்டங்கட்டமாக அடைக்கப்பட்டிருக்கும். ஏ0 என வழங்கும் தாள் 841 மில்லிமீட்டர் அகலமும் 1189 மில்லிமீட்டர் உயரமும் உடையது. பரப்பு ஒரு சதுர மீட்டர். இவ்விடத்தில் 1500 சொற்களை அடைத்துவிடலாம். ஆனால் அவற்றைப் படிப்பார் யார்? நின்றுகொண்டே நிமிடத்திற்கு 150 சொல் படிக்கும் ஒருவர்க்கு அஃதொன்றை முடிக்கவே பத்து நிமிடம் வேண்டும். அரங்கில் அறுபது சுவரொட்டிகள் இருப்பின் அனைத்தையும் படிக்கப் பத்து மணி நேரம் செல்லும். அமர்வுக்கு ஒதுக்கப்படுவதோ ஒன்றிரண்டு மணி நேரமே. எனவே எழுதியவை படிக்கப்படாது ஒழிகின்றன. நன்னூலார் நூலுக்குரிய குற்றம் பத்தனுள் மிகைபடக் கூறலையும், நின்று பயன் இன்மையையும் எண்ணினார். முன்னையது காரணமாகப் பின்னையது விளைதலை இச்சுவரொட்டிகளிற் காண்கின்றோம்.

இக்குறையை நீக்க முனைந்தவருள் மைக் மோரிசன் குறிப்பிடத்தக்கவர். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உளவியல் முனைவர்ப் பட்ட மாணவராக இருந்த அவர், 2019-ஆம் ஆண்டில் ஒரு காணொளி வாயிலாகப் புதிய அமைப்பொன்றை முன்மொழிந்தார். அதன்படி, தாளின் நடுவிடம் முழுவதையும் ஆய்வின் முடிபைக் கூறும் எளிய வாக்கியம் ஒன்று பேரெழுத்தில் நிரப்பும். ஒரு புறத்தே ஆய்வின் சுருக்கமும், மறுபுறத்தே வினவுவார்க்குக் காட்டுதற்குரிய படங்களும் அட்டவணைகளும் அமையும். முழுக் கட்டுரையை வேண்டுவார், நடுவே உள்ள கட்டக் குறியைக் கைப்பேசியாற் படம்பிடித்துப் பெறுவர். நடந்து செல்வாரும் ஒரு செய்தியேனும் அறிந்து செல்லுதல் வேண்டும் என்பதே அவர்தம் நோக்கம்.

இவ்வமைப்பு தமிழ் மரபு அறிந்தார்க்குப் புதுமையுடையதாகத் தோன்றாது. சுருங்கிய வடிவில் நிறைந்த பொருளைக் கண்ணாடிபோற் காட்டுவதும், உறுதியும் நுண்மையும் உடையதும் நூற்பா என்பது நன்னூலார் கருத்து. நூற்பா தனித்து நில்லாது. அதனை விளக்க உரை உண்டு. சுவரொட்டியின் நடுவாக்கியத்தை நூற்பாவாகவும், அருகில் நிற்கும் ஆய்வாளரை உரையாசிரியராகவும் கொள்ளின், மோரிசன் கூறும் அமைப்பின் சிறப்பு நமக்கு எளிதின் விளங்கும். அதன் குறையும் இவ்வொப்புமையாலேயே விளங்கும்.

குறை யாதெனின், பேரெழுத்து பெருங்கூற்றை அவாவுகின்றது என்பதாம். இதனை ஓர் எடுத்துக்காட்டால் தெளிவோம். உத்திரமேரூர் வைகுந்தப்பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தகனின் பன்னிரண்டாம் ஆட்சியாண்டிலும் பதினான்காம் ஆட்சியாண்டிலும், அதாவது கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில், பொறிக்கப்பட்ட கல்வெட்டுக்கள் இரண்டு உள. ஊரை முப்பது குடும்புகளாகப் பகுத்துக் குடவோலை வாயிலாக வாரிய உறுப்பினரைத் தேர்ந்த முறையை அவை கூறுகின்றன. ஒரு மாணவர் இவை பற்றிச் சுவரொட்டி அமைக்கின்றார் எனக் கொள்வோம். நடுவிடத்தே 'உலகின் முதற் குடியாட்சி உத்திரமேரூரில் மலர்ந்தது' என அவர் எழுதின், கூட்டம் கூடும், கையொலியும் எழலாம். ஆயின் அக்கூற்று கல்வெட்டின் முன் நில்லாது. அது பிரமதேய ஊரின் சபை. கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் உடைமை, தன் மனையில் வீடு கட்டியிருத்தல், வேதக் கல்வி என்பன தகுதிகளாக விதிக்கப்பட்டன. அரைக்கால் வேலி உடையார்க்கு மிகுந்த கல்வி கருதி விலக்கு அளிக்கப்பட்டது. ஊரில் வாழ்ந்த உழுகுடிகளுக்கும் பிறர்க்கும் அங்கு இடமில்லை. முதன்மை என்பதோ, உலகின் பிற நாட்டுச் சான்றுகள் அனைத்தையும் ஒப்புநோக்கியன்றிச் சொல்லலாகாத ஒன்று.

அதே மாணவர், 'இரண்டே ஆண்டில் உத்திரமேரூர்ச் சபை உறுப்பினர்க்குரிய வயதெல்லையை மாற்றியது' என எழுதுவாராயின், அது சிறு கூற்றாயினும் திட்பமுடையது. 919-ஆம் ஆண்டுக் கல்வெட்டு முப்பதுக்கு மேல் அறுபதுக்குள் என வரையறுக்க, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டு முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் என மாற்றுகின்றது. இவ்விரு பகுதிகளின் படிவங்களையும் எழுத்துப்பெயர்ப்பையும் நடுவாக்கியத்தின் கீழ் அருகருகே வைத்தால் காண்பார் தம் கண்ணாலேயே வேறுபாட்டை உணர்வர். எதனால் மாற்றினர் என்னும் வினா அவர் உள்ளத்தே தானே எழும். முன்னைய வாக்கியம் வினாவை அடைக்கின்றது. பின்னையது வினாவைத் திறக்கின்றது. ஆய்வுக்கு வேண்டுவது பின்னையதே.

எனவே மோரிசன் கூறும் அமைப்பைத் தமிழாய்வுக்கு ஏற்குங்கால் ஒரு திருத்தம் இன்றியமையாதது. ஆய்வகத்தில் அளந்து பெற்ற எண்களை ஓரத்தே ஒதுக்கி முடிபை மட்டும் நடுவில் வைத்தல் அறிவியலார்க்கு ஒருகால் பொருந்தலாம். நூலாராய்ச்சியிலோ சான்று என்பது மொழியே; பாடவேறுபாடும், கல்வெட்டுத் தொடரும், உரையாசிரியர் கூற்றுமே நம் கருவிகள். அவற்றைக் காட்டாத முடிபு வெறுங்கூற்றாய் முடியும். ஆதலின் முடிபும் அதற்குரிய தலையாய சான்றும் இணைந்தே நடுவிடத்தைப் பெறுதல் வேண்டும். சான்று ஒன்றே போதும். எஞ்சிய பத்தும் கட்டுரைக்கு உரியன. நடுவாக்கியத்தைக் கையால் மறைத்துச் சான்றை மட்டும் நோக்கும் அறிஞர் ஒருவர் அதே முடிபுக்கு வருவரா என ஆய்வாளர் தம்மைத் தாமே வினவிக்கொள்வாராக. வாரார் எனின் வாக்கியத்தைச் சுருக்கல் தகும்; எழுத்தைப் பெரிதாக்கல் தகாது.

அமைப்பு முறையிலும் சில கருதற்பாலன. தமிழ்ச் சொற்கள் ஒட்டுநிலையால் நீள்வன. குறுகிய பத்திகளில் அமைப்பின் சொல்லிடை முறிவு மலியும். மேலும் கீழும் நீளும் எழுத்துக்கள் உண்மையின் வரிகளுக்கிடையே இடம் மிகுதியும் விடல் வேண்டும். கணினிக் கோப்பை அச்சகத்துக்கு அனுப்புங்கால் எழுத்துருவை உள்ளடக்கிய பி.டி.எஃப் வடிவில் அனுப்புதல் நலம். இல்லையேல் கொம்பும் காலும் இடம்மாறிச் சொல் சிதையும். மாநாட்டுக்கு முதல்நாள் அச்சிட்டுப் பிழை கண்டு வருந்துவதினும், ஒருவாரம் முன்னரே சிறுதாளில் அச்சிட்டுத் துறை சாராத நண்பர் ஒருவரிடம் காட்டுதல் சிறந்தது. ஒரு நிமிடம் நோக்கியபின் அவர் தம் சொல்லால் கூறுவது எதுவோ அதுவே அச்சுவரொட்டி உண்மையில் உணர்த்தும் பொருள்.

இனி உரைக்கும் முறை. காண்டிகையுரைக்குக் கருத்து, பதப்பொருள், எடுத்துக்காட்டு, வினா, விடை என்பனவற்றை நன்னூல் கூறும். விருத்தியுரையோ இவற்றோடு அமையாது இன்றியமையாத பிறவற்றையும் விரித்துரைப்பது. சுவரொட்டியருகே நிற்பார்க்கு இவ்விரண்டும் வேண்டும். கடந்து செல்பவர்க்கு இரண்டு நிமிடத்தில் முடியும் காண்டிகை; நின்று வினவுவார்க்கு விருத்தி. இஃதறியாது, வருவார் அனைவர்க்கும் தாளில் உள்ளவற்றையே முதலிலிருந்து ஒப்பித்தல் பெருவழக்கு. அது கூறியது கூறலாம். வந்தவர் யார், எத்துறையினர் என முதலில் வினவி, அவர் ஏற்கும் அளவறிந்து சொல்லலே முறை. மேடையில் படிப்பவர்க்கு வாயாத பேறு ஒன்று இங்கு உண்டு. மேடையில் வினாவுக்கு ஐந்து நிமிடமும் கிடைத்தல் அரிது. இங்கோ வினாவே அமர்வின் பெரும்பகுதி. எதிர்வாதம் கூறும் ஒருவரைப் பெற்ற மாணவர், அவர் கூறியதை அன்றே குறித்துக்கொள்வாராயின், கட்டுரையாக எழுதுங்கால் அதனினும் பயன்தருவது பிறிதில்லை.

மேடை கிடையாதார்க்கு அளிக்கும் இரண்டாந்தர இடம் சுவரொட்டி என்னும் எண்ணம் அறிஞர் சிலரிடத்தும் நிலவுகின்றது. அவ்வெண்ணத்தை வளர்ப்பன கட்டுரையைச் சுருக்கி ஒட்டும் சோம்பலும், கூட்டத்தை ஈர்க்கும் பெருங்கூற்றுமே ஆகும். ஒரு முடிபு, ஒரு சான்று, அறிந்து உரைக்கும் ஒருவர் என்னும் மூன்றும் பொருந்திய சுவரொட்டி மேடைக் கட்டுரைக்கு எவ்வகையானும் தாழ்ந்ததன்று. மாநாடு முடிந்ததும் அதனைச் சுருட்டி எறிந்துவிடாது, முழுக் கட்டுரையோடும் பெற்ற வினாக்களோடும் சேர்த்துத் துறை நூலகத்தில் வைத்தலையும் நம் துறைகள் வழக்கமாக்கிக் கொள்ளுதல் வேண்டும். அடுத்து வரும் மாணவர் முடிபை மட்டுமன்றி அம்முடிபு எதிர்கொண்ட தடைகளையும் அதனால் அறிவர்.