நுரையும் களிம்பும்

பொய் அழியும், மெய் நிலைக்கும் என்று சொல்லாத வேதம் உண்டா? அதனாலேயே நீதிக்கதை என்றால் எனக்குக் கொஞ்சம் அலுப்பு. ஆனால் குர்ஆனில் 'இடி' என்னும் 13-ஆம் அத்தியாயத்து 17-ஆவது வசனம் அப்படி அலுக்கவில்லை. மழை பெய்கிறது, ஓடைகள் தத்தம் அளவுக்கு நீரை ஏந்தி ஓடுகின்றன, வெள்ளம் நுரையைச் சுமந்து வருகிறது. நுரை வீணாகிறது, மனிதருக்குப் பயன்படுவது மண்ணில் தங்குகிறது. இவ்வளவுதான்.

கவனித்தீர்களா, நுரைதான் மேலே இருக்கிறது! கரையில் நிற்பவன் கண்ணில் முதலில் படுவது அதுதான். பொய்யனைக் கடைசி அத்தியாயத்தில் ஜெயிலுக்கு அனுப்பும் நாவலாசிரியர்களுக்கு (நானும் அந்த ஜாதிதான்) இதில் வேலையே இல்லை. வில்லன் இல்லை, தண்டனை இல்லை. வெள்ளம் வடியவேண்டும், அவ்வளவே.

எங்கள் திருவெண்ணெய்நல்லூரிலும் மெய் நிலைத்த கதை ஒன்று உண்டு. சுந்தரரின் கல்யாணப் பந்தலில் ஒரு கிழவர் வந்து, 'நீ எனக்கு அடிமை' என்று ஓலை நீட்டுகிறார். சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழிக்கிறார். கிழிந்தது படியோலை, மூல ஓலை இவ்வூர்ச் சபையில் வெளிவருகிறது. பாட்டனார் கையெழுத்தோடு ஒப்பிட்டு, கிழவர் பக்கமே தீர்ப்பாகிறது. பந்தலில் இருந்தவர்களுக்குக் கிழவர் பேச்சுத்தானே நுரையாகப் பட்டிருக்கும்? நாடகச் சுவை சேக்கிழாரிடம் ஜாஸ்தி, சந்தேகமில்லை. ஆனால் அவருக்குச் சபையும் சாட்சியமும் தேவைப்பட்டன. குர்ஆனின் உவமை எதையும் நிரூபிக்கப் புறப்படவில்லை.

குறையும் சொல்லிவிடுகிறேன். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலை ஒட்டிப் பெண்ணையில் வெள்ளம் வந்தது. ஆற்று வெள்ளம் வடியும்போது வண்டலை மட்டுமா விட்டுப்போகிறது? பயிரை மூடிய மணலும்தான் தங்கிவிடுகிறது. அதே வசனம் உடனே உலைக்களத்துக்குத் தாவுவது இதனால்தானோ என்னவோ. நகைக்கும் பாத்திரத்துக்கும் உருக்கும் உலோகத்திலும் அப்படியே நுரை எழுகிறது என்கிறது. வெள்ளம் தானாக வருவது. உலையை நாம்தான் மூட்டவேண்டும். பிரசங்கிகள் பலர் ஆற்றோடு நின்றுவிடுகிறார்கள். அது பாதி உவமைதான்.

மனத்தைப் பற்றிய பேச்சு 83-ஆம் அத்தியாயத்தில் வருகிறது: அவர்கள் செய்துவந்ததே அவர்கள் இருதயங்களில் துருவாகப் படிந்துவிட்டது என்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் இவ்வூரில் வாழ்ந்த மெய்கண்டாரின் வழிவந்த சைவ சித்தாந்திகளும் ஆணவ மலத்தைச் செம்பில் ஏறிய களிம்பு என்பார்கள். ஒன்றுபோலத் தோன்றினாலும் ஒன்றல்ல. சித்தாந்தக் களிம்பு செம்போடு கூடவே பிறந்தது. அதற்குச் செம்பைக் குறைசொல்ல முடியாது. குர்ஆனின் துருவோ நம் கைக்காரியம். கதாசிரியனுக்கு முன்னது ஆறுதல். எனக்கென்னவோ பின்னதை வாசித்த அன்று இரவு தூக்கம் வரவில்லை.