விண்மீன் பயணமும் வீட்டுமொழியும்

வேற்றூரில் குடியேறி வாழ்வோர்க்கு விண்வெளிக் கதைகள் அத்துணை அந்நியமானவை அல்ல. அறியாத மண்ணில் இறங்குவதும், புரியாத பேச்சுக்குச் செவி கொடுப்பதும், ஐயத்தோடு நோக்குவாரிடம் நட்பு நாடுவதும் அக்கதை மாந்தரின் தொழில். கோவிந்தாபுரம் கடந்து கொல்லங்கோட்டிற்கு வந்து சேர்ந்த நாளில் நம் முன்னோர் செய்ததும் அதுவே. ஆதலின், சங்க மலரின் இலக்கியப் பக்கங்களில் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரைப் பற்றி எழுதப் புகுவதை அன்பர்கள் பொறுத்தருள்வார்கள் என்று நம்புகிறோம்.

'ஸ்டார் ட்ரெக்' என்னும் அத்தொடர் 1966 செப்டம்பர் 8 அன்று அமெரிக்காவில் தொடங்கியது. அதனைப் படைத்தவர் ஜீன் ராடன்பெரி. மூன்று பருவங்களில் 79 அத்தியாயங்கள் ஒளிபரப்பாகி, 1969-ல் அது நிறுத்தப்பட்டது. நிறுத்திய பின்னரே அதன் புகழ் வளர்ந்தது. மறுஒளிபரப்பில் ரசிகர்கள் பெருகினர். 1979-ல் திரைப்படம் வந்தது. அதில் நம் நாட்டு நடிகை பெர்சிஸ் கம்பாட்டா நடித்தார். 1987-ல் 'அடுத்த தலைமுறை' என்ற பெயரில் புதிய தொடரும், 1993-ல் 'டீப் ஸ்பேஸ் நைன்' என்ற தொடரும் பிறந்தன. அதன் கிளைகள் இந்நூற்றாண்டிலும் தழைத்துள்ளன. 1980-களில் தூர்தர்ஷன் பழைய அத்தியாயங்களை ஒளிபரப்பியபோது, வீட்டுக்கு வீடு பெட்டி இல்லாத அந்நாளில், ஆங்கிலம் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் கண்டு களித்தவர்களுள் நாமும் ஒருவர்.

தொடரின் பெருமையை முதலில் கூறிவிடுவோம். அமெரிக்காவில் கறுப்பின மக்கள் உரிமைக்காகப் போராடிக்கொண்டிருந்த காலத்தில், கப்பலின் செய்தித் தொடர்பு அதிகாரியாகக் கறுப்பினப் பெண்மணி நிஷெல் நிக்கல்ஸை அமர்த்தினர். அவர் ஏற்ற பாத்திரத்தின் பெயர் உஹூரா. சுவாகிலி மொழியில் விடுதலையைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. கப்பலைச் செலுத்தும் சூலுவாக நடித்தவர் ஜார்ஜ் டகே. ஜப்பானிய வழியினர் என்ற ஒரே காரணத்தால், இரண்டாம் உலகப் போரின்போது குடும்பத்தோடு முகாமில் அடைக்கப்பட்ட சிறுவர் அவர். அமெரிக்காவும் சோவியத் நாடும் முறுகி நின்ற நாளில், செக்கோவ் என்னும் ருஷ்ய இளைஞனும் அக்கப்பலில் இடம்பெற்றான். பிறப்பால் எவரும் தாழ்ந்தவர் அல்லர் என்பதைச் சொற்பொழிவாகக் கூறாமல், ஒரே கூடத்தில் அமர்த்திக் காட்டியதே அத்தொடரின் வெற்றி.

ஆயினும் எல்லைப்புறத்தில் வாழும் நமக்கு ஒரு கேள்வி எழுகிறது. அக்கூடத்தில் அனைவரும் ஏன் ஒரே மொழி பேசுகின்றனர்?

இதற்குக் கதாசிரியர்கள் கண்ட வழி, எம்மொழியையும் நொடியில் பெயர்க்கும் ஒரு கருவி. அறிவுடைய உயிர்கள் அனைத்திற்கும் பொதுவான சில கருத்துகள் உண்டு. அவற்றைக் கொண்டு கருவி மொழிபெயர்க்கும் என்று 1967-ல் வந்த ஓர் அத்தியாயத்தில் தலைவர் கிர்க் விளக்குகிறார். கதை தடையின்றி நகர இத்தகைய ஏற்பாடு வேண்டுவதே. 1963-ல் வெளிவந்த 'கலை அரசி' படத்தில் எம்.ஜி.ஆர். சந்தித்த வேற்றுக் கோளினரும் தமிழிலேயே பேசினர்! எனவே வசதியைக் குறை கூறவில்லை. அவ்வசதியில் எது மறைகிறது என்பதே நம் ஆய்வு.

மிக நெருங்கிய மொழிகளுக்கிடையேயும் பொருள் வழுக்குவதை நாம் நாள்தோறும் காண்கிறோம். பக்கத்து வீட்டார் குடிக்க 'வெள்ளம்' வேண்டுமா என்று கேட்கையில், புதிதாக வந்த நம் உறவினர் ஆற்றுப் பெருக்கை எண்ணித் திகைக்கிறார். அவர்கள் 'சம்சாரம்' என்பது பேச்சை. நம்மவர் செவியில் விழுவது மனைவி. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் போன்ற தமிழுக்கும் மலையாளத்துக்கும் இடையே இவ்வாறெனில், விண்மீன்களுக்கிடையே கருவி ஒன்று எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்பது எளிதில் நம்பத் தக்கதன்று.

மறைந்துபோன அம்மொழிகள் தொடரில் எப்போது தலைகாட்டுகின்றன என்று நோக்கினோம். முதலில் ஒளிபரப்பான அத்தியாயத்திலேயே உஹூராவிடம் ஒருவன் சுவாகிலியில் பேசுகிறான். அவன் மனிதனே அல்லன். அவளுடைய தனிமையை அறிந்து உருமாறி வந்த கொடிய உயிர். அதாவது, அக்கப்பலில் அவளோடு தாய்மொழியில் பேச வந்தது ஒரு மாயமே! 1967-ல் வந்த மற்றொரு கதையில் ஒரு பொறி அவளுடைய நினைவுகளை அழித்துவிடுகிறது. குழந்தைக்குப் போல அவளுக்கு மீண்டும் எழுத்து கற்பிக்கின்றனர். பாடம் தடுமாறும்போது அவள் வாயில் வருவது சுவாகிலி. 1987-ல் வந்த தொடரில் கப்பல் தலைவர் பிக்கார்ட் பிரெஞ்சு நாட்டவர். அவர் முன்னிலையிலேயே இயந்திர மனிதன் டேட்டா பிரெஞ்சை வழக்கொழிந்த அரிய மொழி என்னும் பொருள்படக் குறிப்பிடுகிறான். அவர் முகம் சுளிக்கிறார். நகைச்சுவையாக வந்த காட்சிதான். பிரெஞ்சுக்கே அந்நிலை எனில், நம் வீட்டுமொழிக்கு அவ்வுலகில் என்ன இடம் என்று எண்ணியபோது நமக்கு நகைப்பு வரவில்லை.

இனி, இத்தொடரின் சிறந்த படைப்புகள் எவை என்பது பற்றி நம் கருத்தைக் கூறுவோம். மொழிபெயர்ப்புக் கருவி திணறும் கதைகளே அவை.

'டீப் ஸ்பேஸ் நைன்' தொடரில் 1993-ல் வந்த ஒரு கதையில், வீடிழந்த ஓர் உழவர் கூட்டம் நிலம் தேடி வருகிறது. அவர்கள் மொழியைக் கருவியால் உடனே பெயர்க்க இயலவில்லை. சைகையாலும் முகக்குறிப்பாலும் ஒருவரையொருவர் அறிய முயலும் அந்நேரத்தில், கீரா என்னும் அதிகாரிக்கும் வந்தவர்களுள் மூத்தவளான ஹனீக்குக்கும் நட்பு முளைக்கிறது. பிறகு கருவி தெளிவடைகிறது, சொற்கள் விளங்குகின்றன. விளங்கியபின் நிகழ்வது என்ன? பஜோர் என்னும் கோளில் தங்க இடம் கேட்கின்றனர். எங்களுக்கே பஞ்சம் என்று அந்நாட்டார் மறுக்கின்றனர். ஐம்பதாண்டு அந்நியர் ஆட்சியில் துன்புற்ற மக்களே வந்தேறிகளைக் கண்டு அஞ்சுகின்றனர். ஹனீக்கின் மகன் உயிரிழக்கிறான். நாங்கள் உழவர்கள், உங்கள் பஞ்சம் தீர உதவியிருப்போம் என்னும் கருத்தைக் கூறி அவள் விடைபெறுகிறாள். சொல் புரிந்துவிட்டால் உள்ளம் புரிந்துவிடாது என்பதை இதனினும் நன்றாகக் கூற இயலாது. இம்மண் நம்மை அவ்வாறு திருப்பி அனுப்பவில்லை என்பதை நன்றியோடு நினைத்துக்கொள்கிறோம்.

மற்றொன்று 1991-ல் வந்த 'டார்மொக்'. அதில் வரும் டமேரியரின் சொற்கள் ஒவ்வொன்றையும் கருவி பெயர்த்துவிடுகிறது. ஆனால் பொருள் மட்டும் விளங்கவில்லை. காரணம், அவர்கள் தம் பழங்கதைகளின் பெயர்களாலேயே பேசுகின்றனர். இன்ன ஊரில் இன்ன வீரன் என்றால், அவன் செய்த செயலே பொருள். கதை அறியாதவர்க்கு அது வெறும் பெயர். அவர்தம் தலைவன் டேத்தன், பிக்கார்டைத் தன்னுடன் ஒரு கோளில் இறக்கி, இருவரும் சேர்ந்து ஒரு விலங்கை எதிர்க்கும்படி செய்கிறான். நட்பை விளக்கச் சொல் கிடையாமையால் அதனை நிகழ்த்திக் காட்டி, அம்முயற்சியிலேயே உயிர் விடுகிறான். சாகக் கிடக்கும் அவனுக்குப் பிக்கார்ட் கில்கமெஷின் கதையைக் கூறுகிறார். இறுதியில் தம் அறைக்கு மீண்ட அவர் ஹோமரின் பெயரால் வழங்கும் பாடல்களைப் படித்துக்கொண்டிருக்கிறார். பிறர் மொழியை அறிய முயன்றவர் தம் பண்பாட்டின் பழைய ஏட்டிற்குத் திரும்புகிறார் என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

டமேரியர் வேறு யாருமல்லர், நம் பாட்டிமாரே. அள்ளிக் கொடுப்பவரைக் கர்ணன் என்பார். உறங்கும் பேரனைக் கும்பகர்ணன் என்பார். குடும்பத்தைக் கலைப்பவனைச் சகுனி என்பார். ஒரு பெயருக்குள் ஒரு காவியம் அடங்கியிருக்கும். தமிழுமில்லை, மலையாளமுமில்லை என்று நம் பிள்ளைகளின் நிலையைத் 'திரிசங்கு சொர்க்கம்' என்று பெரியவர் ஒருவர் கூறினால், அருகில் நிற்கும் பிள்ளைக்குச் சொர்க்கம் என்ற சொல் புரிகிறது. தன்னைப் பற்றிய வருத்தம் புரிவதில்லை. இன்று கைப்பேசியிலேயே மொழிபெயர்ப்பு வந்துவிட்டது. அது சொல்லைத் தரும். சொல்லுக்குப் பின்னுள்ள கதையை மடியில் அமர்த்திச் சொல்லித் தருவதற்கு வீட்டார்தாம் வேண்டும்.

இத்தொடரின் ரசிகர்கள் செய்த ஒரு செயலை இங்கே குறிப்பிடுதல் வேண்டும். கதையில் வரும் கிளிங்கன் இனத்தார்க்கென மார்க் ஓக்ராண்ட் என்னும் மொழியியலார் ஒரு மொழியைப் புனைந்து, 1985-ல் அகராதியும் வெளியிட்டார். ரசிகர்கள் அதனைப் பயின்று, ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' நாடகத்தையே அம்மொழியில் பெயர்த்தனர். எந்தத் தாயும் தாலாட்டாத ஒரு மொழிக்கு அத்துணை உழைப்பு! அதனை நாம் எள்ளவில்லை, வியக்கிறோம். விருப்பம் இருந்தால் இல்லாத மொழியும் உயிர்பெறும் எனில், இருக்கும் மொழி நம் வீட்டு முற்றத்தில் வாடுவதற்கு நேரமின்மையைக் காரணமாகக் கூற முடியுமா?

எனவே நம் முடிவு இதுதான். அனைவரும் ஒன்றாய் வாழும் நாளைக் கனவு கண்டது 'ஸ்டார் ட்ரெக்' செய்த பெருந்தொண்டு. ஒன்றாய் வாழ ஒரே மொழி போதும் என்று எண்ணியது அதன் குறை. அக்குறையை அதன் சிறந்த கதைகளே உணர்ந்து திருத்தியுள்ளன என்பது அதன் மேன்மை. நம் பிள்ளைகள் மலையாளத்தைப் பிழையறக் கற்கட்டும். அது நம்மை ஏற்ற மண்ணுக்கு நாம் செலுத்தும் மரியாதை. இரவில் விளக்கை அணைக்கும் முன் அவர்களுக்குத் திரிசங்குவின் கதையையும் கூறுவோம். தன் கதை அறிந்த பிள்ளைக்கே அயலார் கதையின் அருமையும் விளங்கும்.