கணக்கில் வராத நோயாளிகள்

கரோலின் கிரியாடோ பெரஸ் என்னும் பிரிட்டிஷ் எழுத்தாளர் 2019-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'இன்விசிபிள் விமன்' என்ற ஆங்கில நூல், அதே ஆண்டில் லண்டன் ராயல் சொசைட்டியின் அறிவியல் நூல் பரிசைப் பெற்றது. தலைப்பைத் தமிழில் 'கண்ணுக்குப் புலப்படாத பெண்கள்' எனலாம். தெருவில் பனி அகற்றுவது முதல் பேரிடர் நிவாரணம் வரை ஆறு பகுதிகளாக விரியும் இந்நூலில், நான்காம் பகுதி மருத்துவத்தைப் பற்றியது. இரண்டே இயல்கள்தாம், எனினும் நூலின் உயிர்ப்பகுதி இதுவே. அதனை மட்டும் இங்கு ஆராய்வோம்.

மருத்துவ அறிவியல் 'மனித உடல்' என்று கூறும்போது பெரும்பாலும் ஆண் உடலையே அளந்திருக்கிறது என்பது ஆசிரியரின் வாதம். இதை மறுப்பது கடினம். தாலிடோமைடு மருந்தினால் உறுப்புக் குறையுடன் குழந்தைகள் பிறந்த கொடுமைக்குப் பின்னர், 1977-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஓர் அறிவுரை வெளியிட்டது. கருவுறக்கூடிய பெண்களைப் புதிய மருந்துகளின் தொடக்கநிலைச் சோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்பதே அது. கருவைக் காக்க எடுத்த முடிவு. தீய எண்ணத்தில் பிறந்ததன்று. ஆனால் 1993-இல் அது மாற்றப்படும் வரை, பல மருந்துகளின் முதல் அளவுகள் ஆண்களை வைத்தே கணிக்கப்பட்டன. மாதவிடாய்ச் சுழற்சியில் ஹார்மோன்கள் ஏறி இறங்குவதால் முடிவுகள் குழம்பும் என்று ஆய்வாளர் சிலர் சாக்குக் கூறியதும் உண்டு. குழம்பும் என்றால் அதையன்றோ முதலில் ஆராய்ந்திருக்க வேண்டும்!

இதன் விளைவை விளக்க ஆஸ்பிரின் மாத்திரை ஒன்றே போதும். அமெரிக்காவில் 22,071 ஆண் மருத்துவர்களைக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவு 1989-இல் வெளிவந்தது. ஆஸ்பிரின் உண்டவர்களிடையே முதல் மாரடைப்பு 44 விழுக்காடு குறைந்திருந்தது. பெண்களுக்கும் அவ்வாறேதானா? ஏறக்குறைய 40,000 பெண்களைப் பத்தாண்டுகள் கவனித்த ஆய்வின் முடிவு 2005-இல்தான் கிடைத்தது. அவர்களிடம் மாரடைப்பு குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. பக்கவாதம் 17 விழுக்காடு குறைந்தது. இரண்டு விடைகளுக்கும் இடையே பதினாறு ஆண்டுகள்!

சோல்பிடெம் என்னும் உறக்க மருந்தின் கதையும் இத்தகையதே. 1992-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இம்மருந்தைப் பெண்களின் உடல் மெதுவாகவே வெளியேற்றுகிறது. மறுநாள் காலையிலும் குருதியில் அது எஞ்சி நிற்பதால் வாகனம் ஓட்டுவது ஆபத்தாகலாம். பெண்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5-ஆகக் குறைக்கும் ஆணை 2013-இல்தான் வந்தது.

இதுவரை ஆசிரியரோடு நமக்கு உடன்பாடே. மாரடைப்பின் அறிகுறிகளைப் பேசும் இடத்தில்தான் தடை எழுகிறது. பிரிட்டனில் மாரடைப்புற்ற பெண்களுக்கு முதலில் தவறாக நோய் கணிக்கப்படும் வாய்ப்பு ஆண்களைவிட 50 விழுக்காடு மிகுதி என்னும் ஆய்வை அவர் எடுத்துக்காட்டுவது முறையே. ஆனால் மார்புவலி ஆண்களுக்குரிய அறிகுறி, பெண்களுக்கு அது அரிது என்ற எண்ணத்தையும் வலுப்படுத்திவிடுகிறார். சான்றுகள் அவ்வாறு கூறவில்லை. அமெரிக்காவில் 11 லட்சத்திற்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளை அலசி 2012-இல் வெளியான ஆய்வில், மார்புவலி இல்லாமல் வந்தோர் பெண்களில் 42 விழுக்காடு, ஆண்களில் 31 விழுக்காடு. வேறுபாடு உண்மை, எனினும் பெண்களிலும் பாதிக்கு மேற்பட்டோருக்கு வலி இருந்தது. நூல் வெளிவந்த சில மாதங்களில் எடின்பரோ ஆய்வாளர்கள், அவசரப் பிரிவுக்கு வந்தோரிடம் அப்போதே கேட்டுப் பதிவு செய்த விவரங்களை வெளியிட்டனர். மாரடைப்பு உறுதியானவர்களில் ஆண், பெண் இருபாலாரிலும் 93 விழுக்காட்டினர் மார்புவலி இருந்ததாகக் கூறியிருந்தனர். பெண்களுக்குக் குமட்டலும், தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலியும் கூடுதலாகத் தோன்றின, அவ்வளவே.

இது சொல்லாராய்ச்சி அன்று. 'நமக்கு வருவது வாயுப்பிடிப்புத்தான்' என்று கஷாயம் குடித்துவிட்டுப் படுக்கும் தாய்மார்கள் நம் வீடுகளில் இன்றும் இருக்கிறார்கள். மார்புவலி பெண்களுக்கான அறிகுறி அன்று என்ற செய்தியும் சேர்ந்தால், மருத்துவமனைக்குப் புறப்படும் நேரம் இன்னும் தள்ளிப்போகும். பரிசு பெற்ற அறிவியல் நூல் இவ்விடத்தில் கவனமாக இருந்திருக்க வேண்டும்.

மற்றொரு குறையும் உண்டு. பெண்களைப் பற்றிய விவரங்கள் திரட்டப்படாமையே எல்லாத் தீங்குக்கும் வேர் என்பது ஆசிரியரின் அடிப்படை. ஆனால் விவரம் கையில் இருந்தும் நிலைமை மாறாத இடங்கள் உள்ளனவே! டெல்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் 2016-இல் பதிவான 23 லட்சத்திற்கும் மேற்பட்ட புறநோயாளி வருகைகளை அலசிய ஆய்வு ஒன்று 2019-இல் வெளிவந்தது. மகப்பேறு, பெண்கள் நோய்ப் பிரிவுகளை விலக்கிப் பார்த்தால், வருகைகளில் பெண்களுடையவை 37 விழுக்காடே. மக்கள்தொகை விகிதப்படி நான்கு மாநிலங்களிலிருந்து வந்திருக்க வேண்டிய 4 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண் வருகைகளைக் காணவில்லை. டெல்லியிலிருந்து 100 பெண் வருகைகளுக்கு 141 ஆண் வருகைகள். தொலைவிலுள்ள பீகாரிலிருந்தோ 237. சிறுவயதினரிடமும் முதியோரிடமும் இடைவெளி கூடுதல்.

ஒவ்வொரு சீட்டிலும் ஆணா பெண்ணா என்பது எழுதப்பட்டே இருந்தது. ஆகவே இங்கு இல்லாதது விவரம் அன்று. இரயில் கட்டணம், தங்கும் செலவு, துணைக்கு வரும் ஆளின் நாட்கூலி ஆகியவற்றை அவளுக்காகச் செலவிடும் மனம். வீட்டில் அம்முடிவை எடுப்பவர் பெரும்பாலும் அவளல்லள். சரியான அளவில் மருந்து கண்டுபிடித்தாலும், அதை எழுதித் தரும் மருத்துவர் முன் அவள் வந்து அமர வேண்டுமே!

நூலின் முதல் இயல் பெண்களின் போக்குவரத்தைப் பற்றியது. பனிக்காலத்தில் சாலைக்கு முன்னர் நடைபாதையைத் தூய்மை செய்த சுவீடன் நகரின் செய்தி அதில் சுவையாக உள்ளது. ஆங்கிலம் ஓரளவு அறிந்த கல்லூரி மாணவர்கள் அதையும் மருத்துவப் பகுதியையும் சேர்த்தே படிக்கலாம். மாரடைப்பைப் பற்றிய பக்கங்களை மட்டும் ஒரு மருத்துவரிடம் கேட்டுத் தெளிந்து கொள்ள வேண்டும்.