அலரும் துணையிசையும்: 'ரூமர்ஸ்' இசைத்தொகுப்பு பற்றிய ஒரு நோக்கு

பெருவாரியாக விற்பனையான இசைத்தட்டைத் திறனாய்வுக்கு உரியதாகக் கொள்ளத் தயங்கும் மனநிலை நம்மிடையே உண்டு. பலரும் விரும்பியது ஆழமற்றது என்னும் அவ்வெண்ணத்திற்கு ஃபிலீட்வுட் மேக் குழுவினரின் 'ரூமர்ஸ்' (1977) இடந்தருவதில்லை. நான்கு கோடிப் படிகளுக்குமேல் விற்ற இத்தொகுப்பு, அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 31 வாரங்கள் முதலிடம் வகித்தது. 1978இல் ஆண்டின் சிறந்த தொகுப்புக்கான கிராமி விருதையும் பெற்றது.

1976இல் கலிபோர்னியாவின் சாசலிட்டோ நகரில் ஒலிப்பதிவு நிகழ்ந்தபோது, ஐவர் கொண்ட அக்குழுவில் கிறிஸ்டின் மெக்வியும் அவர்தம் கணவர் ஜான் மெக்வியும் பிரிந்திருந்தனர். லின்சி பக்கிங்ஹாம், ஸ்டீவி நிக்ஸ் இருவரின் காதலும் முறிந்துகொண்டிருந்தது. தொகுப்பின் தலைப்பு வதந்திகளைக் குறிப்பது. அகப்பாடல் பயிற்றுவிப்போர் அதனை 'அலர்' என்றே பெயர்ப்பர். இப்பாடல்களிலும் அகமரபிற்போல் காதலர் பெயர் சுட்டப்பெறுவதில்லை. எனினும், யார் யாரைப் பாடினர் என்னும் அலரையே எழுதியோர் பலரும் விரித்துரைத்தனர். நாம் முதன்மையாகக் கருதுவது வேறொன்று. இங்கே கூற்றைக் கேட்பவர் வாளாவிருப்பதில்லை. இசைக்கருவியை ஏந்தி உடனிருக்கின்றார்.

நிக்ஸ் இயற்றிய 'டிரீம்ஸ்' பெரும்பாலும் இரண்டே சுரச்சேர்க்கைகளில் சுழல்வது. அது சலிப்புத் தட்டாமல் காப்பதில் பெரும்பங்கு, அப்பாடல் யாரை நோக்கியதோ அந்தப் பக்கிங்ஹாமின் கிதாருக்கு உண்டு. 'கோ யுவர் ஓன் வே'யில் நிலை தலைகீழாகிறது. பக்கிங்ஹாம் பழிக்க, பழிக்கப்படும் நிக்ஸே துணைக்குரல் தருகிறார். கிறிஸ்டின் தம் புதிய காதலைக் கொண்டாடும் 'யூ மேக் லவிங் ஃபன்' பாடலுக்கு பேஸ் கிதார் வாசித்தவர் ஜான். அவ்வாசிப்பில் கசப்பைத் தேடிப் பலமுறை கேட்டோம். தென்பட்டது தாளம் பிசகாத நிதானம் மட்டுமே. ஐவர் பெயரிலும் அமைந்த ஒரே பாடலான 'தி செயின்', தனித்தனித் துண்டுகளை ஒட்டி உருவாக்கப்பட்டது. அதன் பிற்பகுதியில் ஏனைய ஒலிகள் அடங்கி பேஸ் மட்டும் தனித்து எழுமிடம் இத்தொகுப்பின் உச்சம் எனலாம். ('டோன்ட் ஸ்டாப்' 1992இல் பில் கிளின்டனின் தேர்தல் பரப்புரைப் பாடலாயிற்று, நம் செவிக்கு அது சற்று எளிதில் தீர்ந்துவிடுகிறது.)

நிக்ஸின் 'சில்வர் ஸ்பிரிங்ஸ்' மட்டும், அவர் விரும்பாதபோதும், நீளம் கருதி இசைத்தட்டிலிருந்து நீக்கப்பட்டது. தம்மைப் பிரிந்தவரைத் தம் குரல் தொடர்ந்து வரும் என்னும் கூற்று அது. அப்பாடல் 'கோ யுவர் ஓன் வே' தனித்தட்டின் மறுபக்கத்தில் இடம்பெற்றது. ஐவரும் மீண்டும் கூடிய 1997ஆம் ஆண்டு மேடையில் நிக்ஸ் அதனைப் பாடியபோது, அவர் பார்வை சென்ற இடத்தில் பக்கிங்ஹாம் கிதார் வாசித்துக்கொண்டிருந்தார்.